எக்செல் ஷீட்டை மறைத்து பாஸ்வேர்டு போட்டால் போதுமா?

கேள்வி – சம்பளப்பிரிவு

வணக்கம். அலுவலகத்தில் சம்பளக் கணக்கு என் பொறுப்பு. எக்செல் கோப்பின் முதல் ஷீட்டில் துறைவாரி மொத்தம், இரண்டாவதில் ஒவ்வொருவரின் சம்பளம். இரண்டாவதை ஹைடு செய்து, 'புரொடெக்ட் வொர்க்புக்' கொடுத்து 14 எழுத்தில் பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன். மாதாமாதம் துறைத் தலைவர்களுக்கு மெயிலில் போகிறது. பாஸ்வேர்டு இன்னும் நீளமாக இருக்க வேண்டுமா?

பதில் – புதியவர்

எண், குறியீடு எல்லாம் கலந்து 20 எழுத்தாக வையுங்கள். யாராலும் ஊகிக்க முடியாது.

பதில் – கோப்பறை

தயவுசெய்து இந்த மாதம் அனுப்புவதை நிறுத்தி வையுங்கள். நீளம் இங்கே ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் அந்த பாஸ்வேர்டை யாரும் ஊகிக்கத் தேவையில்லை.

நீங்களே பாருங்கள். கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பதை அழித்து ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே 'எக்ஸ்எல்' ஃபோல்டர், அதற்குள் 'வொர்க்‌ஷீட்ஸ்'. இரண்டாவது ஷீட்டின் கோப்பை நோட்பேடில் திறந்தால் சம்பளத் தொகைகள் வரிசையாக நிற்கும். பெயர்கள் 'ஷேர்டு ஸ்டிரிங்ஸ்' என்ற கோப்பில் இருக்கும். எந்த இடத்திலும் பாஸ்வேர்டு கேட்காது.

பழைய பதிப்புகளில் இன்னும் மோசம். பாஸ்வேர்டை 16 பிட் எண்ணாகச் சுருக்கித்தான் வைத்திருந்தார்கள், அதனால் சம்பந்தமே இல்லாத வேறொரு சொல்லும் அதே பூட்டைத் திறந்துவிடும். எக்செல் 2013 முதல் எஸ்எச்ஏ-512 என்ற வலுவான சுருக்க முறை வந்தது. ஆனால் அந்த ஜிப்பின் உள்கோப்புகளில் 'புரொடெக்ஷன்' என்று பெயர் முடிகிற குறிச்சொல்லை அழித்துவிட்டால் அந்தக் காவலும் போய்விடும். ஷீட் பாதுகாப்பு என்பது கைதவறி ஃபார்முலாவை அழிக்காமல் இருக்கத்தான்; ரகசியம் காக்க அல்ல என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது.

பதில் – சம்பளப்பிரிவு

செய்து பார்த்தேன். எல்லாம் அப்படியே தெரிகிறது! அப்படியானால் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' போட்டு அனுப்பட்டுமா?

பதில் – கோப்பறை

அது நிஜமான பூட்டு. 2007 முதல் ஏஇஎஸ் முறையில் மொத்தக் கோப்பையும் மறையாக்கம் செய்கிறது, பாஸ்வேர்டின் நீளத்துக்கு அங்கேதான் மதிப்பு. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் மட்டும் சேமிக்காதீர்கள். எக்செல் 97 காலத்துப் பூட்டின் சாவி வெறும் 40 பிட். பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் இன்றைய கணினிகள் அந்தச் சாவியையே தேடி எடுத்துவிடும்.

ஆனால் உங்கள் சிக்கல் அதனால் தீராது. திறக்கும் பாஸ்வேர்டைத் துறைத் தலைவர்களிடம் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? கொடுத்தால் மறைத்த ஷீட்டும் அவர்கள் கையில். மொத்தங்களை மட்டும் புதுக் கோப்புக்குக் கொண்டுபோங்கள், 'பேஸ்ட் வேல்யூஸ்' முறையில். ஃபார்முலாவோடு ஒட்டினால் இணைப்பு வழியாகப் பழைய எண்களின் பிரதி கூடவே வரும். பிவட் டேபிளை (விவரங்களைத் தொகுத்து மொத்தம் காட்டும் அட்டவணை) அப்படியே நகலெடுத்தாலும் ஆபத்து: மொத்தத்தின் மேல் இரட்டை கிளிக் செய்தால் அடியில் உள்ள ஒவ்வொருவர் விவரமும் தனி ஷீட்டாக விரியும்.

பதில் – சம்பளப்பிரிவு

பிவட்தான் வைத்திருக்கிறேன். மதிப்புகளாக மாற்றி, தனிக் கோப்பாக இன்றே போடுகிறேன். ஏற்கெனவே அனுப்பியவற்றைப் பற்றி மேலாளரிடமும் சொல்கிறேன்.

பதில் – கோப்பறை

அவசியம் சொல்லுங்கள். புதுக் கோப்பையும் ஒருமுறை ஜிப்பாகத் திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள்.