15 நிமிட நகரம்: யாருடைய நடையில் அளப்பது?

கூவம்கரை:
நகர ஆய்வாளர் கார்லோஸ் மொரேனோ 2016-இல் முன்வைத்த ‘15 நிமிட நகரம்’ யோசனையை, அப்போதைய பாரிஸ் மேயர் ஆன் இதால்கோ 2020 தேர்தலில் கையில் எடுத்தார். பள்ளி, கடை, மருத்துவமனை எல்லாம் வீட்டிலிருந்து கால் மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். நல்ல யோசனை. ஆனால் அளக்கும் விதம்? பஸ் ஸ்டாப்பைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட்டு, உள்ளே இருக்கிற எல்லோருக்கும் வசதி உண்டு என்று எழுதிவிடுகிறார்கள். சென்னை ராஜீவ் காந்தி சாலையில் (ஓ.எம்.ஆர்.) எதிர்ப்பக்க ஸ்டாப் கண்ணெதிரே தெரியும். நடுவில் தடுப்பு இருக்கும், சுற்றித்தான் போகணும். அங்கே தினம் நடக்கிறவர்களே அளக்கட்டும் என்கிறேன்.

தெருக்கணக்கு:
வட்டம் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஆளாளுக்கு அளந்தால் வியாசர்பாடியையும் பெசன்ட் நகரையும் எப்படி ஒப்பிடுவது? ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தை வைத்துத் தெருவழித் தூரம் எடுக்கலாமே. நிதி கேட்கப் போனால் எல்லா வார்டுக்கும் ஒரே கணக்கு வேண்டும். அப்புறம், கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு யார் வருகிறார்கள்? நான் போன இரண்டிலும் குடியிருப்போர் நலச்சங்கத்துப் பெரியவர்கள்தான் இருந்தார்கள். அவர்கள் கேட்டது கார் நிறுத்த இடம்.

கூவம்கரை:
நீங்கள் சொல்லும் தெருவழிக் கணக்கில் வழக்கமாக மணிக்கு 5 கி.மீ. நடை என்று வைப்பார்கள். முழங்கால் வலியோடு என் அம்மா மணிக்கு 3 கி.மீ. நடந்தாலே அதிகம். 15 நிமிடத்தில் அவர் எட்டுவது 1,250 மீட்டர் இல்லை, 750. பரப்பாகப் பார்த்தால் 36 சதவீதம்தான் மிஞ்சுகிறது. ஒரே கணக்கு என்று நீங்கள் சொல்வது நல்ல ஆரோக்கியமான இளைஞனின் கணக்கு.

தெருக்கணக்கு:
வேகத்தை மாற்றிப் போட்டுக் கணக்கெடுக்கலாம், அது கஷ்டமில்லை. கூட்டம் கூட்டிக் கேட்பதால் அந்த எண் வராது.

ஏழாம்மாடி:
நான் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் இருக்கிறேன். முன்பு கூவம் ஓரம் வீடு. வேலை செய்யும் வீடுகளுக்கு நடந்தே போய்விடுவேன். இப்போது பஸ். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால்தான் அந்த வேலையை விடாமல் இருக்கிறேன். ஆனால் ஸ்டாப்புக்கு வருகிற எல்லா பஸ்ஸும் எனக்கான பஸ் இல்லை. டீலக்ஸ் வந்தால் விட்டுவிட்டு நிற்பேன், அதில் டிக்கெட் எடுத்தால் கட்டுப்படியாகாது. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று நீங்கள் போட்டால் அது என் கணக்கு இல்லை. லிப்ட் ஓடாத நாளில் ஏழு மாடி இறங்கி ஏறுவதும் எந்த வரைபடத்திலும் இல்லை.

தெருக்கணக்கு:
நீங்கள் சொன்ன டீலக்ஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. கால அட்டவணையை வைத்து நான் போட்ட கணக்கில் எல்லா பஸ்ஸையும் ஒன்றாகத்தான் சேர்த்திருக்கிறேன். அதைப் பிரித்துத் திரும்பப் போடுகிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது: நூறு பேர் நூறு விதமாகச் சொன்னால் எப்படிச் சேர்ப்பது?

கூவம்கரை:
தெருக்கள் எவ்வளவு பாதுகாப்பானவை என்று அளக்க 2013-இல் வந்த சேஃப்டிபின் செயலியைப் பாருங்கள். தெருவிளக்கு, நடைபாதை, ஆள் நடமாட்டம் என்று குறிப்பிட்ட சில விஷயங்களுக்கு, தெருவில் நிற்கிறவரே மதிப்பெண் போடலாம். அளவுகோல் எல்லோருக்கும் ஒன்று, அளப்பவர்கள் மக்கள். ஒப்பிடவும் முடிகிறது.

தெருக்கணக்கு:
செயலி என்றால் ஸ்மார்ட்போனும் நேரமும் இருப்பவர்கள்தான் அளப்பார்கள். நலச்சங்கக் கூட்டத்தின் கதையே அங்கும் நடக்கும். ஒவ்வொரு வார்டிலும் வீட்டுவேலை செய்பவர், முதியவர், சக்கர நாற்காலியில் போகிறவர் என்று ஆட்களை முன்கூட்டியே தேர்ந்து, அவர்கள் செலவிடும் நேரத்துக்குக் கூலியும் கொடுத்தால் நான் சம்மதிக்கிறேன். இலவசமாகக் கேட்பது நியாயமில்லை.

கூவம்கரை:
கூலி கட்டாயம் வேண்டும், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு குடியிருப்பில் தொடங்கிப் பார்ப்போமா? ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோருக்கும் வசதிப்படும்.

ஏழாம்மாடி:
ஞாயிறு பத்து மணிக்கு ரோடு காலியாக இருக்கும், அதை அளந்து என்ன பயன்? திங்கள் காலை ஐந்தரைக்கு வாங்க. நாங்கள் ஸ்டாப்பில் நிற்பது அப்போதுதான்.