மெமோ, என்கொயரி, ஒப்பந்தம்: சங்கம் உங்க கேஸை எப்படிப் பார்த்துச்சு? அனுபவம் இருந்தா சொல்லுங்க

வேபில் வீரன்:

தலைப்பைப் பாத்துட்டு சங்கத்தைத் திட்டத்தான் வந்திருக்கேன்னு நெனச்சுடாதீங்க, புகழவும் வரல. ஒரு விஷயம் மனசுல கெடந்து அரிக்குது, எங்கயாச்சும் கொட்டணும்.

மஃப்சல் வண்டி, நைட் ட்ரிப், செம கூட்டம். ஒரு அம்மா ரெண்டு புள்ளைங்களோட ஏறுது, பெரிய புள்ளைக்கு அரை டிக்கெட் போடணும், நான் முன்னாடி பக்கம் முடிச்சுட்டு வரதுக்குள்ள ஸ்டேஜ் தாண்டிருச்சு, செக்கிங் ஏறிட்டாங்க. மீதி உங்களுக்கே தெரியும். 13 ரூபா மேட்டர்.

ஏன் டிக்கெட் போடலன்னு விளக்கம் கேட்டு மெமோ வந்துச்சு. நான் என்ன பண்ணேன்னா அன்னைக்கு நைட்டே வீட்ல ஒக்காந்து ரெண்டு பக்கம் விளக்கம் எழுதி மறுநாள் காலைல டூட்டிக்குப் போறப்பவே குடுத்துட்டேன், சீக்கிரம் குடுத்தா நல்ல பேருன்னு ஒரு நெனப்பு. அப்புறம்தான் ஜெராக்ஸை எடுத்துக்கிட்டு கிளைச் செயலாளர் அண்ணனைத் தேடிப் போனேன். டிப்போ எதிர்ல டீக்கடை. அவரு கிளாஸைக் கீழ வச்சுட்டு பொறுமையா படிச்சாரு. ரெண்டாவது பக்கத்துல ஒரு எடத்துல நின்னுட்டாரு. கட்டை வெரலை அந்த வரி மேல வச்சு மறைச்சுட்டு மிச்சத்த மொதல்ல இருந்து திரும்பப் படிச்சாரு. அப்புறம் வெரலை எடுத்துட்டு அந்த வரிய மட்டும் வாய் விட்டுப் படிச்சாரு. "தெரியாமல் நடந்த தவறு, மன்னிக்கவும்."

"இது மட்டும் இல்லாட்டி உங்கிட்ட ஒரு கேஸ் இருந்துச்சு தம்பி"ன்னாரு.

மரியாதைக்கு எழுதின வரிங்க அது. லீவ் லெட்டர்லயே நான் அப்படித்தான் எழுதுவேன். அந்த வெரல் நகம், அதுல ஒட்டியிருந்த கிரீஸ், இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. உங்களுக்கும் இப்படி எதாச்சும் ஒண்ணு இருக்குமில்ல, சொல்லுங்க.

ஸ்பேர்ல போட்ட டிரைவர்:

தம்பி, உங்களுது 13 ரூபா, எனக்கு 340 ரூபா. ஆனா எனக்கு அந்த 340 தான் சோறு போட்டுச்சு.

விபத்து கேஸ், ஆள் போயிட்டாரு, விவரம் வேணாம், இப்பவும் அந்த வளைவு வந்தா வயித்தைப் பெசையும். சஸ்பென்ஷன், என்கொயரி, அப்புறம் டிஸ்மிஸ். மொத 90 நாள் பாதி சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், அதுக்கு மேல முழுசுன்னு 1981-ஆம் வருஷத்து தமிழ்நாட்டுச் சட்டம் ஒண்ணு இருக்கு, பிழைப்பூதியம், அதையே நான் கேட்டு வாங்கல, சங்கத்துல மனு போட்டுத்தான் வாங்குனேன்.

மேட்டருக்கு வரேன். ஒப்பந்தப் பேச்சுவார்த்தை லேபர் ஆபீசர் முன்னால நிலுவைல கெடக்குற காலத்துல ஒருத்தனை டிஸ்மிஸ் பண்ணா ஒரு மாச சம்பளத்தைக் கையில குடுத்து, அவரோட ஒப்புதலுக்கும் மனு போடணும், அதான் தொழில் தகராறு சட்டத்து 33(2)பி. நம்ம சம்பள ஒப்பந்தம் என்னைக்கு நேரத்துக்கு முடிஞ்சிருக்கு, எப்பவும் நிலுவைதான், அதனால டிஸ்மிஸ் ஆனவன் பூராப் பேருக்கும் இந்தக் கதவு தொறந்தே இருக்கும். இழுத்தடிப்புல நமக்குக் கெடைச்ச ஒரே நல்லது.

அந்த ஒரு மாச சம்பளம் எனக்கு மணியார்டர்ல வந்துச்சு. வீட்டுக்காரி கையெழுத்துப் போடவா வேணாமான்னு போன் பண்ணி அழுவுறா. வாங்கினா எல்லாம் முடிஞ்சிரும்னு எவனோ சொல்லிருக்கான். சங்க ஆபீஸ்ல கேஸ் பாக்குற பெரியவர் ஒருத்தர், கண்ணாடிக்கு ஒரு பக்கக் காது கிடையாது, நூலைக் கட்டி மாட்டியிருப்பாரு. அவரு வாங்கச் சொன்னாரு, வாங்கறதால ஒண்ணும் போயிடாதுன்னாரு. அப்புறம் என் சம்பளச் சீட்டைக் கேட்டாரு. பழைய ட்ரிப் ஷீட் பின்னாடி பென்சில்ல கூட்டுறாரு, பேசிக், டிஏ, ஒவ்வொண்ணா. மறுபடி கூட்டுறாரு. மூணாவது தடவை கூட்டிட்டு கண்ணாடியக் கழட்டிட்டு என்னையப் பாத்தாரு. டிஏ ஏறின மாசம் அது, பழைய ரேட்ல போட்டு அனுப்பிட்டாங்க. 340 ரூபா சொச்சம் கொறையுது.

ஒப்புதல் மனு அதுலயே தள்ளுபடி. ஒப்புதல் இல்லன்னா டிஸ்மிஸே நடக்கலன்னு அர்த்தம், 2002-ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி பெஞ்ச் சொல்லிருச்சு. அதுக்கப்புறமும் ஐகோர்ட்டு அது இதுன்னு ஓடி ஸ்டியரிங் பிடிக்க வருஷமாச்சு, அது வேற கதை. நான் குத்தமே பண்ணலன்னு யாரும் தீர்ப்பு எழுதல, கவனிங்க. கூட்டல் தப்பாப் போனதால உள்ள வந்தவன் நான்.

ஷெட் நம்பர் நாலு:

வழக்கம்போல டிரைவர் கண்டக்டர் கதையே ஓடுது. டெக்னிக்கல்ல நாங்களும் மனுசங்கதான்யா.

எனக்கு கேஸ்லாம் இல்ல. 2018 ஜனவரி ஸ்ட்ரைக்தான். 4-ஆம் தேதி சாயங்காலம் பேச்சு முறிஞ்சதும் அவனவன் வழியிலயே வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கிட்டான். சங்கங்க கேட்டது 2.57 மடங்கு, கவர்மென்ட் சொன்னது 2.44. பேசிக் 8,000 இருக்கவனுக்குப் போட்டுப் பாருங்க, 1,040 ரூபா வித்தியாசம். டிவில புள்ளி ஒண்ணு மூணுக்காடா இந்த ஆட்டம்னு பேசுனாங்க, மாசம் ஆயிரம் ரூபாய்னு ஒருத்தனும் சொல்லல.

எட்டு நாள். தற்காலிக டிரைவருங்க ஓட்டி க்ளட்ச் கருகி வந்த வண்டிங்க ஷெட்ல வரிசையா நிக்குது, கை பரபரங்குது, தொடக் கூடாது. 11-ஆம் தேதி ராத்திரி, ஓய்வு பெற்ற நீதிபதி பத்மநாபனை மத்தியஸ்தரா போட்டு ஐகோர்ட் சொன்னதும் வாபஸ். டிப்போ கேட் பக்கத்துல முப்பது பேரு குளிர்ல நிக்கிறோம், ஒருத்தன் போன்ல வந்த செய்தியப் படிக்கிறான். படிச்சு முடிச்சதும் ஒரு சத்தம் இல்ல. ஜெயிச்சோமா தோத்தோமான்னு யாருக்கும் தெரியல. எங்க சீனியர் மட்டும் "சரி, ஸ்பானரை எடுங்கடா, பொங்கலுக்கு ஜனம் ஊருக்குப் போவணும்"னு சொல்லிட்டு உள்ள நடந்தாரு. மணி பத்தரை இருக்கும். விடியறதுக்குள்ள 9 வண்டி தேத்துனோம். ஓவர்டைம்னு ஒரு பைசா எழுதல.

அப்புறம் ஸ்பேர் அண்ணே, 33(2)பி கதவு தொறந்தே இருக்கும்ங்குறீங்க, அதே இழுத்தடிப்புல ரிடயர் ஆகிப் போனவன் கதி? ஒப்பந்தம் வரதுக்குள்ள வீட்டுக்குப் போனவன் அரியருக்கு எத்தனை நடை நடந்தான்னு கேட்டுப் பாருங்க. நல்லது கிடைச்சுதாம் நல்லது.

ஓய்ந்த கண்டக்டர்:

அனைவருக்கும் வணக்கம். 31 வருஷம் சர்வீஸ், அதில் 14 வருஷம் கிளை நிர்வாகி. என் அனுபவம் சின்னது. என்கொயரியில் சக தொழிலாளியாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன், செக்கிங் இன்ஸ்பெக்டரைக் குறுக்கு விசாரணை பண்ண எழுந்தேன், அவர் என் கூடப் படித்தவர், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான்.

இப்போது சில விஷயம் சொல்கிறேன், பசங்க கேட்டுக்கணும். மெமோ வாங்கினால் வாங்கின தேதியைப் போட்டுக் கையெழுத்துப் போடு, அவங்க போட்டு வைத்திருக்கும் தேதியில் போடாதே. விளக்கம் எழுதும் முன்னால் ஆவணம் கேள், வே பில் என்கிற டிக்கெட் கணக்குத் தாளின் நகல், செக்கிங் ரிப்போர்ட், பயணி வாக்குமூலம், இதெல்லாம் தந்தால்தான் விளக்கம் தர முடியும் என்று ஒரு கடிதம் போடு, அதற்கும் நகலில் முத்திரை வாங்கு. வெத்துப் பேப்பரில் கையெழுத்து கேட்டால் போடாதே, எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும். இங்கே நிறைய பேர் ஒன்று நம்பிக்கொண்டு இருக்கிறான், பயணியை என்கொயரிக்குக் கூப்பிடவில்லை என்றால் கேஸ் நிற்காது என்று. நிற்கும். 1977-லேயே அரியானா கண்டக்டர் ஒருத்தர் வழக்கில், ரத்தன் சிங் கேஸ், 11 பேர் டிக்கெட் இல்லாமல் இருந்தார்கள் என்று பறக்கும் படை பிடித்தது, பயணி ஒருத்தரையும் விசாரிக்கவில்லை, நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு அது அவசியமில்லை, ஏதோ ஒரு சாட்சியம் இருந்தால் போதும் என்று டிஸ்மிஸ் சரி என்றுவிட்டது. தொழிலாளி பக்கம் நிற்பவர் என்று பேர் வாங்கின கிருஷ்ணய்யரே. அதனால் பயணி வரவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் இன்ஸ்பெக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேள். எத்தனை மணிக்கு ஏறினீர்கள், எத்தனை பேர் நின்றார்கள், நான் டிக்கெட் போட்டுக்கொண்டுதானே இருந்தேன், பையில் பணம் எண்ணினீர்களா, அதிகம் இருந்ததா. பணம் அதிகம் இல்லை என்றால் காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் தரவில்லை என்பது எங்கே நிற்கும்? இதைக் கேட்கத் துணைக்கு வரும் ஆள் முக்கியம், கூட்டத்தில் மைக் பிடிப்பவனை அழைத்துப் போகாதே, படிக்கிறவனை அழைத்துப் போ.

ஷெட் தம்பிக்கு ஒன்று. 12(3)-ல், அதாவது லேபர் ஆபீசர் முன்னால் போட்ட ஒப்பந்தம் கையெழுத்துப் போடாத சங்கத்துக்காரனையும் கட்டும், 18(1)-ல், அதாவது அவர் இல்லாமல் நேராகப் போட்டால் போட்டவனை மட்டும்தான். குரோம்பேட்டையில் சம்பளப் பேச்சு நடக்கிறது என்றால் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்க்காதீர்கள், எந்தப் பிரிவில் போடுகிறார்கள் என்று பாருங்கள்.

ஷெட் நம்பர் நாலு:

ஐயா கும்புடுறேன். நான் குளிர்ல நின்ன கதையச் சொன்னா நீங்க பிரிவு நம்பர் சொல்றீங்க. 2025 நவம்பர்ல புது தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்தாச்சு, இந்த 12(3), 33(2)லாம் பழைய சட்டத்து நம்பரு, பசங்களுக்குச் சொல்றப்ப அதையும் சேத்துச் சொல்லுங்க. அனுபவத்தக் கேட்டா க்ளாஸ் எடுக்குறாரு.

ஓய்ந்த கண்டக்டர்:

நம்பர் மாறும். முத்திரை வாங்குகிற பழக்கம் மாறாது.

மூணாவது ரசீது:

நான் தொழிலாளி இல்லை, கண்டக்டர் மகள். எழுதலாமான்னு தெரியல, எழுதிடறேன்.

அப்பா இறந்தப்புறம் அவர் பர்ஸைத் தொறந்தேன். உள்ள ஒரு ரப்பர் பேண்ட் போட்டு மூணு சங்கத்தோட சந்தா ரசீது. ஆட்சி மாறுறப்பெல்லாம் டிப்போல கொடி மாறும்னு உங்க எல்லாருக்கும் தெரியும், ஆளுங்கட்சி சங்கத்துல இல்லன்னா நல்ல ரூட் கெடைக்காது, லீவ் கேட்டா ஆப்சென்ட் விழும், அப்பா எல்லாருக்கும் காசு கட்டியிருக்காரு. ஒரு இன்க்ரிமென்ட் வெட்டு கேஸ் அவருக்கு ஏழு வருஷம் ஓடுச்சு. மொத சங்கம் அப்பீல் எழுதிக் குடுத்துச்சு. ஆட்சி மாறினதும் ரெண்டாவது சங்கத்துக்காரர் "அவங்க எழுதினதா, அப்ப அவங்ககிட்டயே போ"ன்னு சொல்லிட்டாராம். இதை அப்பா சிரிச்சுக்கிட்டே சொல்வாரு. மூணாவதா போனது சின்ன சங்கம், எங்க டிப்போல மொத்தம் பதினோரு பேருதான். அவங்கதான் கடைசி வரைக்கும் வாய்தாவுக்குக் கூட வந்தாங்க, பஸ் காசு கூட வாங்கல.

கேஸ் முடியறதுக்குள்ள அப்பா போயிட்டாரு. அந்த மூணாவது ரசீதுல மட்டும் பின்னாடி அப்பா கையெழுத்துல ஒரு போன் நம்பரும் "காலை 6க்கு மேல்"னும் எழுதியிருக்கு. நான் இன்னும் அந்த நம்பருக்குக் கூப்புடல.

ஸ்பேர்ல போட்ட டிரைவர்:

கூப்புடும்மா. கேஸ் வாரிசு பேருல தொடர முடியும், ஜெயிச்சா அரியர் வரும். அதுக்காக இல்லாட்டியும் கூப்புடு, தோழருக்கு சந்தோசமா இருக்கும்.

நடத்துனர் அல்ல:

எல்லாரும் சங்கம் சங்கம்ங்குறீங்க, 2024 ஜனவரி 9-ஆம் தேதி ஆரம்பிச்ச ஸ்ட்ரைக்கை மறுநாளே தள்ளி வச்சாங்களே, ஓய்வூதியர் டிஏ, காலிப் பணியிடம் எல்லாத்தையும் கேட்டுத்தான ஆரம்பிச்சாங்க, பொங்கல் ஜனம் பாவம்னு ஐகோர்ட் சொன்னதும் ஓவர். எப்பவும் பொங்கலுக்கு முன்னாடி ஆரம்பிப்பாங்க, பொங்கலைக் காட்டி முடிப்பாங்க.

ஷெட் நம்பர் நாலு:

வேற எப்ப ஆரம்பிக்கச் சொல்றீங்க, ஆடி மாசமா? காலியா ஓடுற வண்டிய நிறுத்துனா எவன் பேச்சுக்குக் கூப்புடுவான்?

வேபில் வீரன்:

படிச்சுட்டேன் எல்லாத்தையும். நிறைய பேரு என் கேஸ் என்னாச்சுன்னு தனியா கேட்டீங்க. ஒத்துக்கிட்டேன்னு எடுத்துக்கிட்டாங்க, என்கொயரியே வைக்கல, ஒரு வருஷ இன்க்ரிமென்ட் கட். தொடர் விளைவு இல்லாமன்னு மாத்த அண்ணன் அப்பீல் எழுதுனாரு, அது மட்டும் கெடச்சுச்சு. இல்லன்னா ரிடயர் ஆகுற வரைக்கும் ஒவ்வொரு மாசமும் அந்த வரிக்குக் காசு கட்டியிருப்பேன்.

போன வாரம் புதுசா சேந்த பையன் ஒருத்தன் மெமோவோட வந்தான். விளக்கம் எழுதிட்டியான்னேன். எழுதிட்டேண்ணே இன்னும் குடுக்கலன்னு பையில இருந்து எடுத்தான். டீக்கடை லைட்ல படிச்சேன். ரெண்டாவது பக்கத்துல வந்துச்சுங்க அதே வரி. கிழிச்சுப் போட்டுட்டு வேற பேப்பர் வாங்கிட்டு வரச் சொன்னேன். பேப்பர் கடை மூடியிருந்துச்சு, டீக்கடைக்காரர் மகனோட ஹோம்ஒர்க் நோட்டுல நடுப் பக்கத்தப் பிச்சுக் குடுத்தாரு.