புதுப்பிப்பு: பிள்ளையின் தொடைச் சிவப்புக்குக் காரணம் பேபி வைப்ஸ்தான் (துடைக்கும் ஈரத்தாள்)

மகளுக்குத் தொடையிடுக்கு சிவந்து தடித்திருக்கிறது, ரசாயனம் குறைந்த சோப் எது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

பலித்தது களுவாஞ்சிக்குடி அக்கா சொன்னதுதான்: "சோப்பை விடுங்க, வைப்ஸ் பக்கெட்டின் பின்பக்கத்தை வாசிங்க." பொடி எழுத்தில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்றிருந்தது. பழுதாகாமல் இருக்கச் சேர்ப்பது. சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். பூசிக் கழுவாமல் விடும் பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் இதைத் தடைசெய்திருக்கிறது.

வைப்ஸை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஈரம் ஒற்றி, வாசமில்லாத சிங்க் ஒக்சைட் கிரீம் பூசினோம். சிவப்பு அடங்கிவிட்டது. மட்டக்களப்பு வெக்கைக்குப் பகலில் கொஞ்ச நேரம் நாப்கின் இல்லாமல் விட்டதும் உதவியிருக்கும்.

எதிர்பாராதது: முன்னால் 'வாசமற்றது' என்று போட்ட இன்னொரு பக்கெட்டிலும் பின்னால் 'பர்ஃபியூம்'! அப்புறம், பவுடரும் வேண்டாம் என்றார் எங்கள் மிட்வைஃப். தூள் பிள்ளையின் மூச்சுக்குள் போகுமாம்.