புதுப்பிப்பு: காலி செய்யாத வாடகைக்காரரும் தொண்டு நிறுவனமும்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். கிழக்கு லண்டனில் உள்ள எங்கள் ஒரே ஃப்ளாட்டை விற்க, பிரிவு 21 நோட்டீஸ் (காரணம் சொல்லாமலே காலி செய்யக் கேட்கும் நோட்டீஸ்) கொடுத்தோம். இரண்டு மாதம் முடிந்தும் வாடகைக்கு இருக்கும் பெண் நகரவில்லை. "நீதிமன்ற உத்தரவு வரும்வரை போகாதீர்கள்" என்று ஒரு வீட்டுவசதித் தொண்டு நிறுவனம் சொல்லிக்கொடுத்ததாம். அவர்களைக் கன்னாபின்னாவென்று திட்டியிருந்தேன்.

அந்த நிறுவனத்தின் ஆலோசகரிடமே பேசிவிட்டேன். நோட்டீஸை மட்டும் பார்த்து அந்தப் பெண் வெளியேறினால், "வேண்டுமென்றே வீடிழந்தவர்" என்று, வீடில்லாதவர்களுக்கு உதவ வேண்டிய உள்ளூர் கவுன்சில் கைகழுவக்கூடும். இரண்டு குழந்தைகளோடு அந்த ஆபத்தை யார் எடுப்பார்கள்? வேடிக்கை என்னவென்றால், 2017 வீடின்மைக் குறைப்புச் சட்டப்படி செல்லுபடியாகும் பிரிவு 21 நோட்டீஸ் 56 நாளுக்குள் முடிவதாக இருந்தாலே கவுன்சில் உதவத் தொடங்க வேண்டும். எங்கள் கவுன்சிலோ பெய்லிஃப் (வீட்டைக் காலி செய்ய வைக்கும் நீதிமன்ற அலுவலர்) வரும் தேதியைக் கேட்கிறது! அவர்களின் கஞ்சத்தனத்துக்கு நீதிமன்றக் கட்டணம் கட்டுவது நான்.

திட்டியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதி அப்படியேதான். வழக்கு இழுக்கும் மாதங்களில் மார்ட்கேஜ் தவணையை எந்தத் தொண்டு நிறுவனமும் கட்டப்போவதில்லை.

"புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கலாமே" என்று கேட்டவர்களுக்கு: 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வாடகைக்குப் புதிதாகப் பிரிவு 21 நோட்டீஸ் கிடையாது. விற்பதென்றால் நான்கு மாத நோட்டீஸ், அதுவும் குடியேறி ஓராண்டு ஆன பிறகு முடிவதாக இருக்க வேண்டும்.

சரி, இப்போதைக்கு நானும் ஆலோசகரும் சேர்ந்து கவுன்சிலுக்கு ஒரே கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை.