முன்னிருக்கையின் காலடியில் நீர்க்கசிவு: எங்கே தேடுவது?

நண்பர்களுக்கு வணக்கம். என் காரில் ஓட்டுநருக்கு அருகிலுள்ள இருக்கையின் காலடியில், ரப்பர் மிதியடியைத் தூக்கிப் பார்த்தால், கம்பளம் பிழியும் அளவுக்கு நனைந்திருக்கிறது. தண்ணீரில் நிறமோ பிசுபிசுப்போ இனிப்பு வாடையோ இல்லாததாலும், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு குறையாததாலும், அந்தத் திரவம் ஓடி காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோர் மீது எனக்குச் சந்தேகமில்லை. ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் வழக்கம்போலத் தண்ணீர் சொட்டுகிறது. ஆகவே அதன் வடிகுழாயும் அடைபட்டதாகத் தெரியவில்லை. (பணிமனையில் அதைத்தான் ஊதிச் சுத்தம் செய்து காசு வாங்கினார்கள்.) ஏசியே போடாமல் மழையில் நிறுத்தி வைத்தாலும் உள்ளே நனைகிறது என்பதே முக்கியமான தடயம்.

வைப்பருக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியபோது, மக்கிய வேப்பஞ்சருகு வடிகால் துளையை அடைத்துக் கிடந்தது. அதை அள்ளிய பின்னும், முன்கண்ணாடியின் மேல் குழாயால் தண்ணீர் விட்டால் காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரின் கீழ் விளிம்பு ஈரமாகிறது. கதவின் உட்புற உறை கிழிந்து கசிந்தால் ஃபில்டர் நனைய வாய்ப்பில்லை அல்லவா?

காற்று உள்ளே நுழையும் வாயைச் சுற்றியுள்ள சீலன்ட் விட்டிருக்கிறதா, முன்கண்ணாடியின் ஒட்டுப்பசை விட்டிருக்கிறதா என்பதை டேஷ்போர்டைக் கழற்றாமல் பிரித்தறியும் வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். கம்பளத்துக்கு அடியில் ஓடும் வயரிங் இணைப்புகளில் பச்சை பூப்பதற்குள் இதைச் சரிசெய்ய விரும்புகிறேன்.