வளவு ஏடிசி (விமானக் கட்டுப்பாடு) குழு: ராத்திரி 8 மணி, ரெண்டு செக்டர் (வான்பகுதி)

[மாலை 5:42] சொக்கு அண்ணன்: இன்னைக்கு வாட்சிம்ல (ஆன்லைன் விமான சிமுலேட்டர் தளம்) சென்னை சென்டர் வான்பகுதியை ரெண்டாப் பிரிக்கிறோம். கிழக்கு நான், மேற்கு அழகு. 9 மணிக்கு தேனு மேற்கை வாங்கிக்கும்.

[5:44] அழகு: சரிண்ணே. விமானத்தைக் கைமாத்துற ஹேண்ட்ஆஃபை எத்தனை மைல்ல அனுப்புவீங்க?

[5:45] சொக்கு அண்ணன்: எல்லைக்கு 20 மைல்ல. 450 நாட்ல (மணிக்கு 450 கடல் மைல்) வர்றது நிமிஷத்துக்கு ஏழரை மைல் ஓடும். 20 மைல்ங்கறது மூணு நிமிஷம்கூட இல்ல.

[5:47] தேனு: டேக் (திரையில விமானத்தோட விவரக் குறி) மினுக்குனதும், வாங்கிக்க எஃப்3 தட்டிறவா?

[5:48] அழகு: பொறு. வர்ற லெவல்ல உன் பக்கம் யாரும் குறுக்க இருக்காங்களான்னு பாத்துட்டு தட்டு.

[5:51] சொக்கு அண்ணன்: சிக்கலோட அனுப்புறது என் தப்பு. கோவை போற ரெண்டு பேர் 280ல (28,000 அடி), நடுவுல 8 மைல். முன்னாடி 420 நாட், பின்னாடி 480. நிமிஷத்துக்கு ஒரு மைல் குறையும், மூணு நிமிஷத்துல குறைஞ்சபட்ச இடைவெளியான 5 மைலைத் தொட்டுரும். பின்னாடி வர்றதை 260க்கு இறக்கி, டேக்ல லெவலை மாத்திட்டுத்தான் ஹேண்ட்ஆஃப். நீ வாங்கினப்புறம்தான் பைலட்டுக்கு உன் ஃப்ரீக்குவென்சி. இதைத் தலைகீழாச் செஞ்சா, டேக் கைக்கு வராமலே பைலட் கூப்பிட்டு நிப்பாரு.

[5:53] தேனு: நான் வாங்கலைன்னா?

[5:54] சொக்கு அண்ணன்: 10 மைல்ல தனி மெசேஜ் போடுவேன். பதில் இல்லைன்னா என் பக்கமே ஹோல்டு, அங்கேயே சுத்த விடுவேன். அந்த வேகத்துல திரும்பவே ஆறு மைல் வேணும், 5 மைல்ல முழிச்சா தாண்டிப் போயிரும்.

[5:56] தேனு: பைலட் என்கிட்ட பேசியாச்சு, எல்லைக்கு இன்னும் 12 மைல் இருக்கு. இறக்கலாமா?

[5:56] அழகு: கூடாது 😅

[5:57] சொக்கு அண்ணன்: குரல் உன்கிட்ட, வானம் இன்னும் என்கிட்ட. அடியில திருச்சியிலேர்ந்து ஒண்ணு ஏறிக்கிட்டிருக்கும். "இறக்க ரிலீஸ் வேணும்"னு அனுமதி கேளு, தர்றேன். திருப்புறதுக்கும் தனியாக் கேக்கணும்.

[5:59] அழகு: டெக்ஸ்ட் பைலட்னா (பேசாம டைப் பண்றவர்) டேக்லயே குறிச்சு விடுங்கண்ணே. போன தடவை மூணு தரம் கத்துனேன்.

[6:00] சொக்கு அண்ணன்: செய்றேன். தேனு, ரெண்டாங்கட்டுல உக்காராத. அந்தத் தடிச் செவரைத் தாண்டி வைஃபை வராது. முகப்புல ரவுட்டர் பக்கத்துல கேபிள் போட்டுக்க. தொடர்பு அறுந்தா உன் டேக் அத்தனையும் ஆளில்லாமப் போயிரும்.

[6:02] தேனு: சரிண்ணே. 9க்கு எப்படி மாத்துறது?

[6:04] அழகு: 8:55க்கு உள்ள வந்து சும்மா பாரு. யாருக்கு ஹெடிங் (போற திசை) குடுத்திருக்கேன், யாருக்கு வேகம் கட்டியிருக்கேன், ரிலீஸ் வாங்குனது எதுன்னு வரிசையாச் சொல்றேன், நீ திருப்பிச் சொல்லு. ஒரு டேக்கும் மினுக்காத நேரமாப் பாத்து மாத்துவோம்.