லேன் ஸ்டேலி போன பிறகு வந்த ஆலிஸ் இன் செயின்ஸ் ஆல்பத்தைக் கேட்கலாமா?

கிட்டார்_பித்தன்:
இந்த அமெரிக்க ராக் குழுவின் 90களின் ஆல்பங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பாடகர் லேன் 2002-ல் இறந்த பிறகு வேறு பாடகரைச் சேர்த்து 2009-ல் ‘பிளாக் கிவ்ஸ் வே டு ப்ளூ’ வெளியிட்டார்கள் என்று தெரியும். கேட்கத்தான் மனசு வரவில்லை. அந்தக் குரல் இருந்த இடத்தில் இன்னொருவரா? கேட்டவர்கள் சொல்லுங்கள்.

ஏழாம்_சுவரம்:
தாராளமாகக் கேளுங்கள். இந்தக் குழுவின் அடையாளமே லேனும் கிட்டார் வாசிக்கும் ஜெரி கான்ட்ரெல்லும் சேர்ந்து பாடும்போது இரண்டு குரலும் உரசிக்கொண்டே போகுமே, அதுதான். அதில் ஒரு குரல் இன்னும் அங்கேயே இருக்கிறது. புதிதாக வந்த வில்லியம் டூவால் லேனைப்போலப் பாடப் பார்க்கவில்லை, பல இடங்களில் கான்ட்ரெல் முன்னால் நிற்க இவர் கூடச் சேர்ந்து வருகிறார். ‘யுவர் டிசிஷன்’ பாட்டில் அது நன்றாகத் தெரியும்.

கடலோரம்:
இவர்கள் திரும்ப ஒன்றாக மேடை ஏறியதே 2004 சுனாமிக்காகத்தான், தெரியுமா? நம் கரையையும் இலங்கையையும் அடித்துப்போட்ட அதே சுனாமி. பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்ட 2005 பிப்ரவரியில் சியாட்டிலில் வாசித்தார்கள், லேன் பாடிய பாட்டுகளை அன்று பலர் மாறி மாறிப் பாடினார்கள். அப்புறம் 2006-ல் டூவாலோடு ஊர் ஊராக வாசித்துவிட்டுத்தான் ஸ்டுடியோவுக்கே போனார்கள். ஏசி/டிசி ராக் குழு 1980 பிப்ரவரியில் தன் பாடகர் பான் ஸ்காட்டை இழந்து ஜூலையிலேயே ‘பேக் இன் பிளாக்’ கொண்டுவந்தது, அதுவும் அருமையான ஆல்பம்தான், ஆனால் இவர்கள் இத்தனை வருஷம் பொறுத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

மழைநாள்:
ஆல்பம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பெயரை மாற்றியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்ததும் ஜாய் டிவிஷன் குழு பழைய பெயரை விட்டுவிட்டு நியூ ஆர்டர் ஆனதே, அது நேர்மை.

ஏழாம்_சுவரம்:
ஒத்துக்கொள்ள முடியவில்லை. பாதிப் பாட்டுகளுக்கு மேல் இசை கான்ட்ரெல்லுடையது, டிரம்ஸ் வாசிக்கும் ஷான் கின்னி ஆரம்பத்திலிருந்தே இருப்பவர். அந்தப் பெயர் அவர்களுக்கும் சொந்தம்.

கடலோரம்:
கேள்வி கேட்டவருக்கு ஒன்று. கடைசியில் வரும் தலைப்புப் பாட்டு லேனுக்காகவே எழுதியது. கான்ட்ரெல் பாட, பியானோ வாசிப்பது எல்டன் ஜான். லேன் முதன்முதலில் பார்த்த கச்சேரி அவருடையதாம். நேராக அதற்குத் தாவிவிடாமல் முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள்.

கிட்டார்_பித்தன்:
சரி, இன்று இரவே கேட்கிறேன். சுனாமி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நன்றி.